தி ரெட் பிரஷ் – தலகாணி சைஸ் புக், ஆனா வொர்த்து

பழைய சீனாவுல பொண்ணுங்க என்னெல்லாம் எழுதுனாங்கன்னு தெரிஞ்சுக்க ஒரே ஒரு புக் வாங்கணும்னா இதையே வாங்கலாம், வில்ட் இடெமாவும் பியாட்டா கிராண்டும் சேர்ந்து இங்கிலீஷ்ல போட்டது, 2004ல வந்துச்சு. 900 பக்கத்துக்கு மேல, படுத்துக்கிட்டு படிக்கிற ஐடியா இருந்தா மறந்துடுங்க.

ஹான் ராஜவம்ச காலத்து எழுத்தாளர் பான் ஜாவ்ல ஆரம்பிக்குது. அண்ணன் பாதில விட்டுட்டுப் போன வரலாற்று நூலை முடிக்க உதவுனதே இந்தம்மாதான், ஆனா பொண்ணுங்க அடங்கி இருக்கணும்னு பாடம் எழுதுனதும் இவங்களேதான், கொடுமை! டாங் காலத்து யூ ஷுவான்ஜி, அரசாங்க உத்தியோகப் பரீட்சைல பாஸான ஆம்பளைங்க பேர் லிஸ்ட்டைப் பாத்துட்டு, நான் போட்டிருக்கற இந்த பொம்பள டிரஸ்தான் என் கவிதையை மறைக்குதுன்னு எழுதுற இடம் இருக்கே, அங்கயே காசு வசூல்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சோங் காலத்துக் கவிஞர் லி சிங்ஜாவ். சாப்ட்ட பின்னாடி புருஷனும் பொண்டாட்டியும், இந்த வரி எந்த புக்ல எத்தனாவது பக்கத்துலன்னு பந்தயம் கட்டுவாங்க, ஜெயிச்சவங்களுக்கு முதல் டீ, ஆனா சிரிச்ச சிரிப்புல டீ மடியில கொட்டிடும். அப்புறம் போர் வந்து, சேத்த புக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா போயிடுது, புருஷனும் செத்துடறாரு.

வெறும் கவிதைத் தொகுப்பு இல்ல, ஒவ்வொருத்தர் வாழ்க்கையும் சேத்து சொல்றாங்க. மிங், சிங் காலத்துல பேர் மேல பேரா வந்து கொஞ்சம் தலை சுத்துது, அங்க மட்டும் தாண்டித் தாண்டிப் படிங்க. விலைதான் ஜாஸ்தி, லைப்ரரில கெடைச்சா விடாதீங்க.