பல் அளவெடுக்க மாவா, ஸ்கேனரா?

பல்லுக்கு உறையோ கிளிப்போ போடுவதற்கு முன் அளவெடுக்க வேண்டும். பழைய வழியில், கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் மாவையோ சிலிகானையோ குழைத்து, தட்டில் நிரப்பி வாயில் வைத்து அழுத்துவார்கள். இறுகும்வரை சில நிமிடங்கள் அப்படியே இருக்க வேண்டும். மேல்தாடைக்கு எடுக்கும்போது மாவு தொண்டைப் பக்கம் நகர்ந்தால் குமட்டிவிடும். இந்தப் பயத்தாலேயே சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு; அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆல்ஜினேட் அச்சு காய்ந்தால் சுருங்கும் என்பதால், உடனே வார்ப்பு எடுத்தாக வேண்டும்.

ஸ்கேனர் வேறு ரகம். கைப்பிடி போன்ற கேமரா ஒளியைப் பாய்ச்சி, பல் வரிசையைப் படம்படமாக எடுத்து முப்பரிமாண உருவமாகக் கோக்கிறது. எக்ஸ்ரே அல்ல, கதிர்வீச்சு பயம் வேண்டாம். சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் 1985-லேயே இப்படி அளவெடுத்துப் பல்லுக்கு அடைப்பு செய்துவிட்டார்கள். பெரிய வசதி, நடுவில் நிறுத்தலாம். கை தூக்கினால் போதும். மூச்சு வாங்கிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சரியாகப் பதியாத பகுதியை மட்டும் மறுபடி எடுக்கலாம்.

ஆனால் ரத்தமோ எச்சிலோ மறைத்தால் ஸ்கேனருக்குப் பல் தெரியாது. உறைக்காகச் செதுக்கிய பல்லின் விளிம்பு ஈறுக்குள் ஆழமாக இறங்கியிருந்தால் அதற்கும், பல்லே இல்லாத வாய்க்கு முழுப் பல்செட் செய்வதற்கும் மாவு அச்சையே இன்றும் பல மருத்துவர்கள் நம்புகிறார்கள். ஓரிரு பல் வேலை, அதோடு குமட்டல் தொல்லையும் இருந்தால், ஸ்கேனர் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். வாய்க்குள் போகும் அதன் முனை ஒவ்வொருவருக்கும் கிருமி நீக்கப்படுகிறதா, புதிதாக மாற்றப்படுகிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.