மண்ணால் மூடிய வடிகாலுக்குள் என்ன இருந்தது: வீட்டைச் சுற்றி நீர் தேங்கும் தொல்லை உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டைச் சுற்றித் தேங்கும் மழைநீரை வடித்துத் தருவதாக ஒப்புக்கொண்ட ஓர் ஒப்பந்தக்காரர், முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டு, முன்பிருந்ததைவிடக் கேடான நிலையில் எங்கள் முற்றத்தை விட்டுச் சென்றார். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை; அவர் செய்த வேலையைத்தான் விரிவாக எழுதுகிறேன். இந்தத் தொழிலில் குறைகள் எல்லாம் மண்ணுக்கு அடியில் போய்விடுகின்றன. மேலே புல் முளைத்துவிட்டால் நல்ல வேலையும் மோசடி வேலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

மழை பெய்யும்போதெல்லாம் வீட்டின் பின்புறச் சுவரையொட்டி நீர் நிற்கும். சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு உதிரத் தொடங்கியிருந்தது. ஒப்பந்தக்காரர் வந்து பார்த்தது வெயில் காலத்தில். நீர் எந்தத் திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, மண் எத்தகையது என்ற கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை. கூரையிலிருந்து இறங்கும் குழாய்கள் எங்கே கொட்டுகின்றன என்று நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சுவரையொட்டி நீளப் பள்ளம் வெட்டி, துளையிட்ட குழாயைப் பதித்து, ஜல்லி நிரப்பி மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பதிலை அவர் கையோடு கொண்டுவந்திருந்தார்.

பிரெஞ்சு வடிகால் எனப்படும் அந்த முறையில் குறையொன்றும் இல்லை. ஆனால் அது முதன்மையாக மண்ணுக்குள் ஊறி நகரும் நீரைப் பிடித்து வேறிடத்துக்குக் கொண்டுசெல்வதற்கானது. தரையின் மேல் ஓடிவரும் நீர் சுவரை நோக்கிச் சாய்ந்தால், முதலில் திருத்த வேண்டியது தரையின் வாட்டம், அதாவது சரிவு. சுவரிலிருந்து முதல் 10 அடி தூரத்துக்குள் தரை குறைந்தது 6 அங்குலம் தாழ்ந்து செல்ல வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. எங்கள் தரையோ எதிர்த்திசையில், சுவரை நோக்கியே சரிந்திருந்தது. மேட்டிலிருந்து வரும் நீரை அகலமான, ஆழமற்ற வாய்க்கால் ஒன்றின் வழியே பக்கவாட்டில் திருப்பிவிட்டு, சுவரோரம் மண்ணிட்டு உயர்த்தியிருந்தாலே சிக்கலில் பாதி தீர்ந்திருக்கும். அதில் அவருக்கு வருமானம் குறைவு என்பதைத் தவிர, அதைச் சொல்லாமல் விட்டதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

பள்ளம் வெட்டிய வேகத்திலேயே மூடவும் செய்தார்கள். குழாயின் மறுமுனை எங்கே வெளியேறுகிறது என்று கேட்டேன். "நீர் தானாகவே மண்ணுக்குள் இறங்கிவிடும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை யாரிடமிருந்து கேட்டாலும் வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். நீரை எளிதில் உறிஞ்சும் மணற்பாங்கான நிலத்தில் அது ஓரளவு நடக்கலாம்; களிமண் நிலத்தில் நடக்காது. களிமண்ணில் வெட்டி ஜல்லி நிரப்பிய பள்ளத்துக்கு வெளிவாய் இல்லாவிட்டால், சுற்றிலும் உள்ள நீரையெல்லாம் இழுத்து அஸ்திவாரத்தின் அருகிலேயே தேக்கிவைக்கும் தொட்டியாக அது மாறிவிடும். எங்களுக்கு நேர்ந்தது அதுதான். அடுத்த பெருமழைக்குப் பிறகு, முன்பு விரைவில் காய்ந்துவிடும் இடங்கள்கூட நெடுநேரம் சேறாகவே கிடந்தன. ஓதம் சுவரில் இன்னும் மேலே ஏறியது.

அவரை அழைத்தபோது, மழை வழக்கத்துக்கு மீறியது என்றார். பிறகு, மண் இறுகப் பொறுத்திருக்க வேண்டும் என்றார். அதன்பின் அழைப்பை எடுப்பதையே நிறுத்திக்கொண்டார். எழுத்தில் இருந்ததோ 'வடிகால் அமைத்தல்' என்ற ஒற்றை வரி மட்டுமே. பள்ளத்தின் ஆழம், குழாயின் விட்டம், வாட்டம், வெளிவாய் எதுவும் குறிப்பிடப்படாததால், எதைச் செய்யவில்லை என்று அவரிடம் வாதிடுவதற்கே பிடி கிடைக்கவில்லை.

வேலையை எடுத்துச் செய்வதில் எந்த லாபமும் இல்லாத பொறியாளர் ஒருவரை அழைத்து, பள்ளத்தைச் சில இடங்களில் திறந்து பார்த்தோம். இத்தகைய குழாய்க்கு 100 அடிக்கு 1 அடியாவது வாட்டம் வேண்டும்; அதாவது 30 மீட்டர் நீளத்தில் கடைசி முனை தொடக்கத்தைவிட 30 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். நீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் பிடித்துப் பார்த்ததில் கடைசி முனை தொடக்கத்தைவிட உயரமாக இருந்தது. நடுவில் குழாய் தொய்ந்து, அந்தத் தொய்வு முழுவதும் வண்டல் படிந்திருந்தது. வளையக்கூடிய மெல்லிய நெளிகுழாயைப் போட்டிருந்ததால் ஓரிடத்தில் மண்ணின் பாரத்தில் அது நசுங்கியும் போயிருந்தது. ஜல்லியைச் சுற்றி வடிதுணி விரிக்கவே இல்லை. மண்துகள் உள்ளே புகாமல் தடுப்பது அந்தத் துணிதான்; அது இல்லாத வடிகால் நாளடைவில் அடைத்துக்கொள்ளும். ஜல்லியும் கழுவாதது, தூசியும் மண்ணும் கலந்தது. கடைசி முனையை ஒரு பிளாஸ்டிக் பையால் கட்டிப் புதைத்திருந்தார்கள். அதைப் பார்த்த பொறியாளர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவை அனைத்தையும்விட மோசமானது, கூரை நீர்க் குழாய்களை அந்தத் துளையிட்ட குழாயிலேயே இணைத்திருந்ததுதான். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் நீர் இறங்குகிறது. அவ்வளவு நீரையும் துளைகளின் வழியே அஸ்திவாரத்தின் ஓரத்தில் கசியவிடுவதற்காகவே பணம் கொடுத்ததுபோல ஆயிற்று. கூரை நீர் எப்போதும் துளையில்லாத தனிக் குழாயில், வீட்டைவிட்டு விலகிச் செல்ல வேண்டும். களிமண் நனையும்போது உப்பி, உலரும்போது சுருங்குவதால், இப்படி ஒரு பக்கம் மட்டும் ஊறிக்கொண்டிருந்தால் அஸ்திவாரம் ஏறியும் இறங்கியும் அசைந்து சுவரில் விரிசல் விழவும் வாய்ப்புண்டு என்று பொறியாளர் எச்சரித்தார்.

இதே வேலைக்கு ஆள் தேடுபவர்கள், மழை பெய்துகொண்டிருக்கும்போதே நீர் வரும் வழியையும் நிற்கும் இடத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வறண்ட தரையைப் பார்த்துச் சொல்லப்படும் தீர்வை அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். உறிஞ்சு குழி தோண்டலாம் என்று ஒருவர் சொன்னால், சுமார் 30 செ.மீ. ஆழக் குழி ஒன்றை வெட்டி நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடியும் நிரப்பிப் பாருங்கள். ஒரு முழு நாள் கழிந்தும் நீர் நின்றால் அந்த மண்ணை நம்பி உறிஞ்சு குழி அமைக்க முடியாது. மண் ஏற்றுக்கொண்டாலும் குழி வீட்டிலிருந்து 5 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். வெளிவாய் எங்கே என்பதை வரைபடத்தில் குறித்துக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். அது அண்டை வீட்டாரின் நிலத்தை நோக்கியோ கழிவுநீர்க் குழாயை நோக்கியோ இருந்தால், இன்றைய நீர்த் தொல்லை நாளைய வழக்காக மாறும்.

மிக முக்கியமானது, பள்ளத்தை மூடுவதற்கு முன் நடக்க வேண்டிய சோதனை. குழாயைப் பதித்ததும் மேல்முனையில் ரப்பர் குழாயால் நீர் விட்டு, அது வெளிவாயில் தடையின்றி வருவதை நீங்களே நின்று பார்க்க வேண்டும். இரண்டு வரிசைத் துளைகள் மட்டும் உள்ள கெட்டிக் குழாயாக இருந்தால் துளைகள் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். கீழிருந்து உயரும் நீர்தான் அதற்குள் புக வேண்டும். பின்னாளில் அடைப்பெடுக்க வசதியாகத் தரைமட்டத்துக்கு வரும் மூடியுள்ள வாய்களும் அவசியம். தொகையில் கணிசமான பகுதியை ஒரு நல்ல மழை பெய்து முடிந்த பிறகே தருவது என்று தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தன் வேலையை அறிந்தவர் இதற்குத் தயங்கமாட்டார்.

ஏற்கெனவே மூடப்பட்ட வடிகால் இருப்பவர்களும் சோதித்துப் பார்க்கலாம். முதலில் வெளிவாயைத் தேடுங்கள். கிடைத்தால், மேல்முனையில் சிறிது நேரம் நீர் விட்டுக் கவனியுங்கள். நீர் வராவிட்டாலோ, விட்டதில் சொற்பமே வந்தாலோ, குழாய் அடைத்திருக்கலாம், நசுங்கியிருக்கலாம், அல்லது நீர் துளைகளின் வழியே வழியிலேயே மண்ணில் இறங்கிக்கொண்டிருக்கலாம். வெளிவாயே கண்ணில் படாவிட்டால், அமைத்தவரை நேரில் வரவழைத்து அதைத் தோண்டிக் காட்டச் சொல்லுங்கள்; ஒப்பந்தத்தில் உத்தரவாதக் காலம் இருந்தால் அது முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.