துத்தநாக, ஈயத் தாதுக்களின் மாதிரிப் பெட்டி: வாங்கலாமா?

பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு சிறிய கனிமக் கடையில், சுண்ணாம்புப் பாறையில் விளையும் துத்தநாக, ஈயத் தாதுக்களின் எட்டு மாதிரிகள் அடங்கிய பெட்டியை 180 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். வார இறுதியில் என்னிடம் நிலவியல் படிக்க வரும் மாணவர்கள் சுண்ணாம்புக் குன்றான பத்துமலையின் 272 படிகளையும் ஏறியவர்கள். சுண்ணாம்புக்கல் அவர்களுக்குப் புதிதன்று. அத்தகைய பாறைக்குள் தாது எப்படி வந்து சேர்கிறது என்பதைக் கையில் கொடுத்து விளக்கவே இதை வாங்கினேன்.

கொடுத்த பணத்துக்கு ஐந்தாம் கல் ஒன்றே போதும். நொறுங்கிய சாம்பல்நிற டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புவகைப் பாறை) துண்டுகளைச் சுற்றி, துத்தநாகத் தாதுவான தேன்நிற ஸ்பேலரைட் படிந்திருக்கிறது. அதன்மேல் ஈயத் தாதுவான கலீனாவின் கனசதுரங்கள் பளபளக்க, எஞ்சிய இடுக்கை வெள்ளைக் கால்சைட் அடைத்திருக்கிறது. ஏறத்தாழ 75 முதல் 200 பாகை செல்சியஸ் வரை வெப்பமுள்ள உப்புநீர் உலோகங்களைச் சுமந்து வந்து, கந்தகத்தைச் சந்தித்த இடத்தில் அவற்றை இறக்கிவைத்த வரிசையை இந்த ஒரு கல்லிலேயே படிக்கலாம். ஆறாம் கல் தனிக் கலீனா. நீரைப்போல் ஏழரை மடங்கு அடர்த்தி கொண்டது என்பதால், சிறியதுதானே என்று எடுத்த மாணவியின் கை சட்டெனத் தாழ்ந்தது.

குறைகளும் உண்டு. சுண்ணாம்புக்கல் என்று சீட்டு ஒட்டிய இரண்டாம் கல்லில் நீர்த்த அமிலத்தை விட்டபோது நுரைக்கவே இல்லை. சுரண்டிப் பொடியாக்கிய பிறகே மெல்லக் குமிழிட்டது. அது டோலமைட். சுண்ணாம்புக்கல் டோலமைட்டாக மாறிய பகுதிகளைத் தாது தேடுவோர் வழிகாட்டியாகக் கொள்வதுண்டு என்பதால், இதைச் சிறு பிழையென்று விட முடியாது. கடைக்காரர் சீட்டை மாற்றித் தந்தார். ஆனால் எந்தக் கல் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்பதை அவரால் சொல்ல இயலவில்லை. ஊர் தெரியாத மாதிரிக்கு ஆய்வில் மதிப்பு குறைவு.

உடன்வரும் கையேடு, மின்காந்த அளவீடு எல்லாத் தாதுவையும் காட்டிவிடும் என்கிறது. ஆனால் அந்த அளவீடு மின்சாரத்தை நன்கு கடத்தும் தாதுவையே காட்டும்; இரும்பு குறைந்த ஸ்பேலரைட் மின்சாரத்தை நன்கு கடத்தாது. துத்தநாகம் மிகுந்த படிவுகூட அந்த அளவீட்டில் தெரியாமல் போகலாம். அதனால்தான் ஈர்ப்பு அளவீடு, மண் வேதியியல், பாறையில் தங்கும் மின்னூட்டம் மெல்ல மறைவதை அளக்கும் முறை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, இறுதியில் துளையிட்டு உறுதிசெய்கிறார்கள். கையேட்டின் அந்தப் பக்கத்தை மாணவர்களுக்குத் தராதீர்கள்.

ஈயம் உள்ள கற்கள் என்பதால், தொட்டபின் கைகழுவச் சொல்லுங்கள். வாங்குமுன் பெட்டியைத் திறந்து ஐந்தாம் கல்லைப் பாருங்கள். கலீனாவே இல்லாத பெட்டிகளும் அதே அடுக்கில் இருந்தன.