ஃபோர்க்லிஃப்ட் சீரிஸ் மோட்டாரைக் காரில் போட்டு ஒரு வருடம் ஓட்டியதில்

பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு மின்சாரத்துக்கு மாற்றிய என் சின்னக் காரில் இப்போது இருப்பது பழைய ஃபோர்க்லிஃப்டில் இருந்து வந்த 9 அங்குல சீரிஸ் வைண்டிங் டிசி மோட்டார். 96 வோல்ட் பேட்டரி, 500 ஆம்பியர் கன்ட்ரோலர், கிளட்சும் கியர்பாக்ஸும் பழையதே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இழுவை. சீரிஸில், காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயில் வழியாகப் போகும் அதே கரண்ட்தான் சுழலும் பகுதியான ஆர்மேச்சருக்கும் போகிறது, அதனால் கரண்ட் இரட்டிப்பானால் டார்க், அதாவது சுழற்றும் விசை, கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது (இரும்பு காந்தமேறி நிறைவு நிலையைத் தொட்ட பிறகு இந்தக் கணக்கு ஓடாது). ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து இரண்டாவது கியரிலேயே கிளம்புகிறது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தாலும் முனகுவதில்லை.

ஆனால் சுமை இல்லாமல் இதைச் சுழலவிட்டால் பயங்கரம். ஆக்சிலரேட்டரில் கால் இருக்கும்போதே கிளட்சை மிதித்தாலோ கப்ளிங் உடைந்தாலோ வேகம் ஏறிக்கொண்டே போய், கடைசியில் ஆர்மேச்சருக்கு மின்சாரம் ஏற்றும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரின் துண்டுகள் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் ஆர்பிஎம் சென்சர் வைத்துக் கன்ட்ரோலரை வெட்டும்படி செய்திருக்கிறேன். தரையில் வைத்துச் சோதிப்பதென்றால் 12 வோல்ட் போதும், அதுவும் மோட்டாரை நன்றாகக் கட்டிப்போட்ட பிறகு. கன்ட்ரோலருக்குள் சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனாலும் முழு வோல்டேஜும் மோட்டாருக்குப் போய்விடும், பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் பெரிய காண்டாக்டரும் (ரிலே போன்ற சுவிட்ச்) கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சர்க்யூட் பிரேக்கரும் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

ஃபோர்க்லிஃப்ட் மோட்டார் முன்னும் பின்னும் சமமாக ஓடவேண்டியது என்பதால் அதன் பிரஷ்கள் (கம்யூட்டேட்டரை உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டைகள்) எந்தத் திசைக்கும் சாயாமல் நடுநிலையில் இருக்கும். 36 அல்லது 48 வோல்ட்டுக்குச் செய்ததை 96-ல் ஓட்டினால் பிரஷ்ஷில் பொறி பறக்கும், அதற்குப் பிரஷ் வளையத்தைச் சுழலும் திசைக்கு எதிராகச் சில டிகிரி திருப்ப வேண்டும். ஒருமுறை திருப்பிவிட்டால் எதிர்த் திசையில் வேகமாக ஓட்டுவதை மறந்துவிட வேண்டும், எனக்கு ரிவர்ஸ் கியர் இருப்பதால் பிரச்சினை இல்லை. ரீஜென், அதாவது வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் செய்து பேட்டரிக்குத் திருப்பித் தருவது, நடைமுறையில் கிடையாது. இறக்கத்தில் பிரேக் கட்டைதான் தேய்கிறது, இது மட்டும் ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

இதற்கு முன் ஒரு மோட்டார் வாங்கி ஏமாந்த கதையும் உண்டு. விற்றவர் சீரிஸ் என்று சத்தியம் செய்யாத குறை, நானும் வீட்டுக்குத் தூக்கி வந்த பிறகுதான் டெர்மினல்களைப் பார்த்தேன். இரண்டு தடிமன், இரண்டு மெலிசு. சீரிஸாக இருந்தால் நான்கும் தடியாகத்தான் இருக்கும், உள்ளேயும் பட்டையான செம்புக் கம்பி சில சுற்றுகள்தான் இருக்கும். இது செப்எக்ஸ், அதாவது ஃபீல்டுக்குத் தனி மின்சாரம் கொடுக்க வேண்டியது. என்னிடம் இருந்த கன்ட்ரோலருக்கு அது உதவாது. பிறகு நண்பரின் வண்டியில் அதற்குரிய கன்ட்ரோலரோடு போட்டோம், ஓட்டிப் பார்த்தேன், இறக்கத்தில் காலை எடுத்தாலே பிடிக்கிறது, பேட்டரிக்கும் கொஞ்சம் திரும்பி வருகிறது. கிளம்பும்போது மட்டும் என் வண்டியின் அந்த உதை இல்லை. நெரிசலில் நின்று நின்று ஓட்டுபவருக்கும் மலைப்பாதைக்காரருக்கும் செப்எக்ஸையே சொல்வேன், கன்ட்ரோலர் கையில் இருந்தால்.

நிலைக்காந்த மோட்டார் பைக்குக்கு அருமை, எடை குறைவு, ரீஜெனும் எளிது. காருக்கு வேண்டாம் என்பது என் கட்சி, ஏற்றத்தில் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடேறினால் காந்தம் பலமிழந்துவிடும், அது தானாகத் திரும்பாது. ஷன்ட், காம்பவுண்ட் என்ற மற்ற டிசி மோட்டார் வகைகளை ஓட்டியதில்லை, விட்டுவிடுகிறேன்.

அப்புறம் பராமரிப்பு. மெதுவாக ஏறும்போது மோட்டாரின் சொந்த விசிறி போதவில்லை, தனியாக ஒரு ப்ளோயர் வைத்த பிறகுதான் சூடு அடங்கியது. போன வாரம் மூடியைத் திறந்து கார்பன் தூளை ஊதித் தள்ளினேன், கம்யூட்டேட்டர் சாக்லேட் நிறத்தில் வழவழப்பாக இருந்தது, பிரஷ் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம்.