டிராகன் சரக்குச் சேவை: அடுத்த பயணத்தை எதை வைத்துக் கணிப்பது?

2012 மே 25 அன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்துடன் இணைந்த முதல் தனியார் விண்கலமான ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகனை ஒரு சரக்குச் சேவையாக மதிப்பிடும்போது, முந்தைய வெற்றிகளின் எண்ணிக்கையைவிட, கோளாறு நேர்ந்தபோது அது எவ்வாறு சமாளித்தது என்பதையே நான் பெரிதும் கவனிக்கிறேன். அதே ஆண்டு அக்டோபரில் ஃபால்கன் 9 ஏவுகலனின் ஒன்பது எஞ்சின்களில் ஒன்று நடுவழியில் நின்றபோதும் சரக்கு போய்ச் சேர்ந்தது. ஆனால் உடன் சென்ற சிறு செயற்கைக்கோள் உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 2013 மார்ச்சில் டிராகனின் உந்துபொறித் தொகுதிகள் நான்கில் மூன்று தொடக்கத்தில் இயங்காதபோது, தரைக்கட்டுப்பாட்டுக் குழுவினர் பொறுமையாக அவற்றை மீட்டு, ஒரு நாள் தாமதத்துடன் கலத்தை நிலையத்தில் சேர்த்தது உண்மையிலேயே போற்றத்தக்க பணி.

எனினும் 2015 ஜூன் 28 அன்று, புறப்பட்ட 139 நொடிகளில் ஏவுகலன் சிதைந்தது. ஹீலியம் கலனைப் பிடித்திருந்த தாங்குதண்டு முறிந்ததே காரணம் என்று நிறுவனத்தின் ஆய்வு கூறியது. சிதைவுக்குப் பின்னும் சிறிது நேரம் தப்பியிருந்த டிராகனில், அந்நிலையில் பாராசூட்டை விரிக்கும் மென்பொருள் இல்லை. பின்னர் அதைச் சேர்த்தார்கள்; என் நம்பிக்கை கூடியது அந்தத் திருத்தத்தால்தான்.