ஒரே காசுக்கு 55 இன்ச்சா, 43 இன்ச்சா? டிவி வாங்கும் முன் ஓர் அலசல்

கையில் உள்ள தொகை ஒன்றுதான். அதற்கு 55 இன்ச் டிவியும் கிடைக்கிறது, 43 இன்ச் டிவியும் கிடைக்கிறது. இரண்டிலும் 4கே (ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள்), இரண்டிலும் எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிழலையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறை), இரண்டும் ஸ்மார்ட். பெட்டியில் அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்தால் பெரியதை விட்டுவிட்டுச் சின்னதை எதற்கு வாங்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் ஒரே விலை என்றால், பெரியதில் எங்கேயோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கே என்று தெரிந்துகொண்டு வாங்கினால் பிறகு வருத்தம் இருக்காது. வருடக்கணக்கில் தினமும் பார்க்கப் போகிற பொருள் இது.

முதலில் அளவு. 43-க்கும் 55-க்கும் வெறும் 12 இன்ச்தானே வித்தியாசம் என்று நினைத்துவிடக் கூடாது. அது மூலைக்கு மூலை எடுத்த அளவு. பரப்பாகக் கணக்குப் போட்டால் 55 இன்ச் திரை சுமார் 64 சதவீதம் பெரியது. பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிற வீட்டில் அது உண்மையான லாபம். ஆறடியில் சோபா போட்டிருக்கிறவர்களுக்கு 43 தாராளமாகப் போதும்.

4கே என்ற சொல்லுக்கும் இந்தத் தூரத்துக்கும் சம்பந்தம் உண்டு. 43 இன்ச் ஃபுல் எச்டி (1920×1080 புள்ளிகள்) திரையில் ஒரு புள்ளியின் அகலம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ள கண்ணாலும் ஐந்தரை அடிக்கு அப்பாலிருந்து அந்தப் புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. 55 இன்ச்சுக்கு அந்த எல்லை ஏழடி. அதனால் 43 இன்ச்சில் 4கே தானாக வந்தால் சரி, அதற்கென்று கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. 32 இன்ச் வாங்குகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அளவில் பல டிவிகள் 1366×768 புள்ளிகள்தான். படுக்கையறையில் செய்தி பார்க்க அது போதும். கம்ப்யூட்டரை இணைத்து எழுத்து படிக்கப் போகிறீர்கள் என்றால் ஃபுல் எச்டி 32 தேடுங்கள்.

இனி நான் அதிகம் பேச விரும்பும் விஷயம்: பேனல், அதாவது படத்தைக் காட்டும் திரைப் பலகை. பட்ஜெட் டிவி எல்லாமே அநேகமாக எல்சிடிதான். பின்னால் எப்போதும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். முன்னால் உள்ள திரவப் படிகங்கள் கதவு போலத் திறந்து மூடி வெளிச்சத்தை விடும். கருப்பு காட்ட வேண்டிய இடத்தில் கதவு மூட வேண்டும். அது முழுதாக மூடுவதில்லை என்பதுதான் பிரச்சினை. இதில் இரண்டு வகை இருக்கிறது. ஐபிஎஸ் பேனலில் வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 1000:1. விஏ பேனலில் 3000:1, அதற்கு மேலும் போகும். அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு படத்தின் இரவுக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். ஐபிஎஸ்ஸில் வானம் சாம்பல் பூசினாற்போல் இருக்கும், மேலும் கீழும் வரும் கருப்புப் பட்டைகள்கூட மங்கலாக ஒளிரும். விஏயில் பட்டை எங்கே முடிகிறது, டிவியின் சட்டம் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கும்.

அப்படியானால் விஏதான் என்று முடித்துவிடலாமா? முடியாது. நேர் எதிரே உட்கார்ந்தால்தான் அதன் அழகு. எங்கள் வீட்டில் சோபா டிவிக்கு எதிரே, அம்மாவின் நாற்காலி ஜன்னலோரம், நன்றாகப் பக்கவாட்டில். விஏ பேனல் டிவி வாங்கி ஒரு வாரம் வரை நான் சோபாவிலிருந்து பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் அம்மா, "எல்லார் முகமும் ஏன்டா வெளுத்துப் போய்த் தெரியுது?" என்று கேட்டார். எழுந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். சுண்ணாம்பு தடவினாற்போல் இருந்தன முகங்கள். சிவப்புப் புடவை ஒன்று ரோஸ் நிறத்துக்குப் போயிருந்தது. அன்றே நாற்காலியைச் சோபாவின் பக்கத்தில் நகர்த்திவிட்டோம், ஆனாலும் ஜன்னல் காற்றை அவர் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த டிவி வாங்குவதற்கு முன் வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று நான் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே எல்லாரும் நேரே உட்கார்ந்து, பெரும்பாலும் இரவில் பார்க்கிற வீடு என்றால் விஏ. கூடம் முழுக்க ஆள் பரவி உட்கார்ந்து, பகல் வெளிச்சத்தில் பார்க்கிற வீடு என்றால் ஐபிஎஸ். பெட்டியில் இதைப் பெரும்பாலும் போட மாட்டார்கள். கடையில் நீங்களே கண்டுபிடிக்கலாம்: மனித முகம் பெரிதாக வரும் காட்சியில் நிறுத்தச் சொல்லி, நேரே நின்று பாருங்கள், பிறகு நாலு எட்டு பக்கவாட்டில் நகருங்கள். தோலின் நிறம் வெளுத்தால் விஏ, அப்படியே இருந்தால் ஐபிஎஸ். ஒரே மாடல் வரிசையில் 43 இன்ச்சுக்கு ஒரு வகையும் 55 இன்ச்சுக்கு வேறு வகையும் போடுவது சகஜம். 55 இன்ச்சைப் பற்றி யாரோ புகழ்ந்து பேசியதை நம்பி அதே வரிசையின் 43 இன்ச்சை வாங்கிவிடாதீர்கள்.

க்யூஎல்இடி என்று போட்டிருப்பதும் எல்சிடிதான். எழுத்து ஒன்றுபோல இருப்பதால் ஓஎல்இடியோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே முழுதாக அணையும். அதன் விலை நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. க்யூஎல்இடியில் பின்விளக்கின் மேல் குவாண்டம் புள்ளிகள் கொண்ட ஒரு படலம் இருக்கும், அது நீல ஒளியின் ஒரு பகுதியைச் சுத்தமான சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றும். 2023-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றுத் தந்த அதே குவாண்டம் புள்ளிகள்தான். நிறம் நிஜமாகவே செழிப்பாக இருக்கும். கருப்பு மட்டும் அதனால் துளியும் மாறாது. சிறிய வித்தியாசத்தில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், பேனல் வகையை விட்டுக்கொடுத்து எடுக்க வேண்டாம்.

எச்டிஆர் முத்திரைக்கு இதைவிடக் குறைவான மதிப்புத்தான் கொடுப்பேன். எச்டிஆர் படங்களைப் பொதுவாக 1000 நிட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தை மனதில் வைத்துத் தயாரிக்கிறார்கள். விலை குறைந்த டிவிகள் பல 300 நிட் பக்கத்திலேயே நின்றுவிடும். அந்த சிக்னலை டிவி ஏற்றுக்கொள்ளும் என்பதற்குத்தான் முத்திரை, அதன் பிரகாசத்தைக் காட்டும் என்பதற்கு அல்ல. நம் ஜோடியில் பெரும்பாலும் 55 இன்ச் தோற்பது இங்கேதான்: பெரிய பரப்பை ஒளிரச் செய்யக் கூடுதல் விளக்கு வேண்டும், அந்த விளக்கில்தான் மிச்சம் பிடித்திருப்பார்கள். வெளிச்சமான அறையில் அது உடனே தெரியும். திரையின் நடுவும் ஓரமும் ஒரே சீராக ஒளிராமல் திட்டுத்திட்டாகவும் இருக்கலாம்.

ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. 'மோஷன் 240' போன்ற எண்கள் பேனலின் வேகம் அல்ல, இந்த விலையில் அது அநேகமாக 60தான். படத்துக்கும் விளையாட்டு ஒளிபரப்புக்கும் அது போதும்.

ஸ்மார்ட் வசதியில், டிவிக்குள் ஓடும் மென்பொருள் கூகுள் டிவியா, டைசனா, வெப்ஓஎஸ்ஸா என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த ஒரு காரணத்துக்காக டிவியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 1 ஜிபி, 1.5 ஜிபி ரேம் கொண்ட டிவி புதிதில் ஓடும். ஆப்கள் கனத்துக்கொண்டே போக, இரண்டு மூன்று வருடத்தில் ரிமோட்டை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டி வரும். அப்போது எச்டிஎம்ஐயில் ஆப்களை ஓட்டும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகிவிட்டால் வேலை முடிந்தது. மோசமான பேனலுக்கு அப்படி ஒரு மருந்து கிடையாது. அதிகம் பெயர் தெரியாத பிராண்டு என்றால் மட்டும் வைட்வைன் எல்1 (படங்களைத் திருட்டுப் பிரதியிலிருந்து காக்கும் பூட்டின் உயர்ந்த நிலை) இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப்கள் எச்டி தரத்தில் தராது, 4கே திரையில் மங்கலான படம்தான் ஓடும்.

ஒலி இரண்டிலுமே சுமார்தான். டிவியின் ஒலியை வெளியே அனுப்பும், ஏஆர்சி என்று குறித்த எச்டிஎம்ஐ துளை ஒன்று இருக்கட்டும், பின்னாளில் சவுண்ட்பார் போட உதவும். அப்புறம், மேசையை அளந்துவிட்டுப் போங்கள். 55 இன்ச் டிவி ஏறக்குறைய 122 சென்டிமீட்டர் அகலம், கால்கள் பெரும்பாலும் இரண்டு கோடியில் இருக்கும்.

இவ்வளவு யோசித்த பிறகு நான் வாங்கச் சொல்வது இந்த இரண்டையும் அல்ல. அதே தொகையில், போன வருடம் வந்த நடுத்தர வரிசையில் 50 இன்ச் கிடைக்கிறதா என்று தேடுங்கள். 43-ஐ விடப் பரப்பு 35 சதவீதம் அதிகம், 55-இன் விளக்குச் சிக்கனம் அதில் இருக்காது. எல்சிடி டிவிகள் ஒரு வருடத்தில் அப்படி ஒன்றும் மாறிவிடுவதில்லை. புது மாடல் வந்ததும் பழையதன் விலைதான் இறங்குகிறது. பெட்டி பிரிக்காததாக இருக்கட்டும், வாரன்டி நீங்கள் வாங்கும் தேதியிலிருந்து தொடங்குகிறதா என்று பில்லில் பாருங்கள். கடையில் காட்சிக்கு வைத்திருந்ததை மலிவாகத் தருகிறேன் என்றால் எனக்கு மனம் ஒப்பாது. முழு வெளிச்சத்தில் நாள் முழுக்க எரிந்த விளக்கு அது. அந்த 50 கிடைக்காவிட்டால், பத்தடி தள்ளி உட்காருகிறவர்கள் 55, மற்றவர்கள் 43.

எதை வாங்கினாலும் முதல் நாள் இரவே, நிறத்தை மிகைப்படுத்தும் விவிட் மோடிலிருந்து சினிமா மோடுக்கோ ஃபிலிம்மேக்கர் மோடுக்கோ மாற்றிவிடுங்கள். படம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும், இரண்டு நாளில் கண் பழகிவிடும், முகங்கள் முகங்களாக இருக்கும். பிறகு அறையை இருட்டாக்கி, முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்றையும் முழுக் கருப்புப் படம் ஒன்றையும் ஓடவிட்டு நாலு மூலையையும் பாருங்கள். வெளிச்சம் கசிந்தாலோ, நடுவில் அழுக்குத் திட்டு மாதிரி தெரிந்தாலோ, மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் கடைக்குச் சொல்லிவிடுங்கள். அதுவரை பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாதீர்கள்.