எந்தப் புத்தகத்தை முதலில் கொடுப்பது?

அடி உதை, வசவு, சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே நடந்த அத்துமீறல், இவற்றிலிருந்து மீள்வதைப் பற்றிய புத்தகங்களில் எது சிறந்தது என்று தேடினால் பட்டியல் எளிதாகக் கிடைத்துவிடும். அந்தப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கையில்லை. கேட்கிறவள் இன்னும் அந்த வீட்டுக்குள் இருக்கிறாளா, வெளியே வந்துவிட்டாளா என்று பார்த்துத்தான் புத்தகத்தை எடுக்க வேண்டும். உள்ளே இருப்பவளுக்கு வேண்டியது வேறு. வெளியே வந்து பத்து வருடமாகியும் தூக்கம் பிடிக்காதவளுக்கு வேண்டியது வேறு. மாற்றிக் கொடுத்தால் நல்ல புத்தகமும் கெடுதல் செய்யும்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கமெல்லாம் வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பாதி பொள்ளாச்சிப் பக்கம். கேரளத்து நூலக இயக்கத்தின் புண்ணியத்தில் சின்ன ஊரிலும் ஒரு வாயனசாலை உண்டு. அப்படி ஒன்றில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர்களில் நானும் ஒருத்தி. "அக்கா, அட்டையப் பார்த்தா என்னன்னு தெரியாத மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. மாமியாரும் நங்கையாவும் (நாத்தனார்) இருக்கிற வீட்டில் புத்தகத்தின் தலைப்பே சண்டைக்குப் போதும். ஆகவே எத்தனை நட்சத்திரம் என்பதைவிட, எங்கே ஒளித்து வைப்பது, பாதியில் மூடிவைக்க முடியுமா என்பவை எனக்குப் பெரிய அளவுகோல்கள்.

உலகமே பேசுவது இரண்டு புத்தகங்களைத்தான். ஜூடித் ஹெர்மன் 1992-ல் எழுதிய 'ட்ராமா அண்ட் ரெகவரி' ஒன்று. பெசல் வான் டெர் கோல்க் 2014-ல் எழுதிய 'தி பாடி கீப்ஸ் தி ஸ்கோர்' மற்றது. இருவரும் அமெரிக்காவில் வேலை செய்த மனநல மருத்துவர்கள். விற்பனையில் இரண்டாவது எங்கோ போய்விட்டது. என் கை முதலில் போவது ஹெர்மனிடம்தான்.

போரிலிருந்து திரும்பிய சிப்பாய், சிறையில் வதைபட்ட கைதி, கணவனிடம் அடிபடுகிற மனைவி, அப்பாவிடம் சிக்கிய குழந்தை எல்லோருக்கும் மனம் உடைகிற விதத்தில் ஒற்றுமை இருக்கிறது என்று அவர் ஒரே வரிசையில் வைத்துக் காட்டினார். வருடக்கணக்கில் நீளும் கொடுமைக்கு வழக்கமான நோய்ப்பெயர் போதாது, தனிப்பெயர் வேண்டும் என்று அவர் அன்று கேட்டது, 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில்தான் இடம்பிடித்தது. மீள்வதை அவர் மூன்று கட்டமாகப் பிரிக்கிறார். முதலில் பாதுகாப்பு. பிறகு நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் காப்பது. கடைசியில் மனிதர்களோடு மறுபடி ஒட்டுவது. முதல் படி இல்லாமல் இரண்டாவதில் கால் வைக்காதே என்று அழுத்திச் சொல்கிறார். "மனசு விட்டுப் பேசு, எல்லாம் சரியாயிரும்" என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்கள் அந்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டும். பேசியவளுக்கு ராத்திரி படுக்க இடம் இருக்கிறதா என்று யார் கேட்கிறார்கள்? 2019-ல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் காவல்துறை வழியாகவே வெளியே வந்தது. ஒன்பது பேருக்கும் ஆயுள் தண்டனை என்ற தீர்ப்பு வந்தது 2025 மே மாதத்தில். இடைப்பட்ட காலம் முழுவதும் அந்தப் பெண்கள் வாழ்ந்தாக வேண்டும் அல்லவா? ஹெர்மன் பாதுகாப்பு என்று சொல்வது இதையெல்லாம் சேர்த்துத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் பக்கத்தில் எந்தப் பஞ்சாயத்தும் "போனது போகட்டும், மன்னிச்சு விட்டுரு சாமி" என்றுதான் முடியும். மன்னித்துவிட்டால் வலி போய்விடும் என்ற ஆசையே பாதிக்கப்பட்டவளைத் தனியாக வதைக்கும் என்கிறார் ஹெர்மன். செய்தவன் ஒப்புக்கொண்டு, வருந்தி, ஈடு செய்யாதவரை மன்னிக்க வேண்டிய கடன் யாருக்கும் இல்லை. இந்தப் பக்கங்களைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்தாலே போதும், சிலருக்குத் தோள் இறங்கும்.

குறையும் இருக்கிறது. நடை கல்லூரிப் பாடம் மாதிரி. இந்தியச் சட்டம் எதுவும் அதில் இருக்காது. அதனால் அதனோடு ஒரு தாள் சேர்த்துத் தருகிறேன். 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பிரிவு 27: பாதிக்கப்பட்டவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். ஆனைமலையில் வாழ்க்கைப்பட்டு, கொழிஞ்சாம்பாறை அம்மா வீட்டுக்கு ஓடிவந்தவள் மனுவுக்காக மறுபடி மாநில எல்லை தாண்ட வேண்டியதில்லை. கீழே பெண்கள் உதவிக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416.

வான் டெர் கோல்க்கின் புத்தகம் வெளியே வந்தவர்களுக்கானது. ஆபத்து போய்விட்டது, உடம்புக்கு மட்டும் அது தெரியவில்லை. கதவு சத்தம் கேட்டால் வயிறு இறுகுகிறது, பேச வாய் வரவில்லை. ஏன் இப்படி என்பதை அவரளவு தெளிவாகச் சொன்னவர் குறைவு. பழைய காட்சி திரும்ப வரும் நேரத்தில் மூளையில் பேச்சுக்கான பகுதி அடங்கிப்போவதை ஸ்கேனில் பார்த்ததாக எழுதுகிறார். "ஏன் அப்பவே சொல்லல?" என்று வருடக்கணக்கில் குத்திக்காட்டப்பட்டவளுக்கு இது பெரிய விடுதலை. பேச்சு மட்டும் போதாது, மூச்சு, நாடகம், பழையதை நினைத்தபடி கண்ணை இடவலமாக அசைக்க வைக்கும் கண்ணசைவுச் சிகிச்சை, யோகா எல்லாம் வேண்டும் என்பது அவர் கட்சி. யோகாவை அவர் குழு 64 பெண்களிடம் 10 வாரம் சோதித்து, பலன் இருந்ததாக 2014-ல் கட்டுரையும் வெளியிட்டது. 64 பேர் சின்ன எண்ணிக்கைதான். யோகா வகுப்பு நடத்துகிற எல்லோரும் இதை மேற்கோள் காட்டக் கிளம்பியது வேறு கதை.

ஆனால் முதல் அத்தியாயத்திலேயே வியட்நாம் போரில் தான் செய்த கொலையையும் வல்லுறவையும் சுமந்து தவிக்கிற ஒரு சிப்பாயின் கதை வருகிறது. அவன் வேதனையைப் புரிந்துகொள்ளச் சொல்லித் தொடங்கும் புத்தகத்தை, அந்தக் கொடுமைக்கு ஆளானவள் எப்படித் திறப்பாள்? நான் கொடுக்கும்போது அந்த அத்தியாயத்தைத் தாண்டச் சொல்லிவிடுவேன்.

'தி கரேஜ் டு ஹீல்' பற்றிச் சுருக்கமாக. எலன் பாஸ், லாரா டேவிஸ் இருவரும் 1988-ல் எழுதியது. எழுதிப் பார்க்கும் பயிற்சிகள், பெண்களின் சொந்தக் குரல்கள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. சிக்கல், நினைவே இல்லாவிட்டாலும் நடந்ததாகத் தோன்றினால் நடந்திருக்கும் என்ற தொனி. அதன்மேல் அமெரிக்காவில் பெரிய சண்டையே நடந்து, பின்பதிப்புகளில் திருத்தினார்கள். இருவரும் மருத்துவர்கள் அல்ல. பக்கத்தில் ஆலோசகர் இல்லாமல் தனியாக இதைப் படிக்கச் சொல்லமாட்டேன்.

இனி கதைகள். என்னைக் கேட்டால் விளக்கப் புத்தகம் எட்டாத இடத்துக்கு இவைதான் போகின்றன. மீனா கந்தசாமியின் 'வென் ஐ ஹிட் யூ' (2017), பேபி ஹால்தாரின் 'ஆலோ ஆந்தாரி' (இந்தியில் 2002, ஆங்கிலத்தில் 2006) இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

மீனாவின் நாயகி படித்தவள், எழுதுகிறவள், சென்னைக்காரி. கணவன் கல்லூரி ஆசிரியன், புரட்சி பேசுகிறவன். மங்களூர் வீட்டில் முதலில் பேஸ்புக் போகிறது, பிறகு மின்னஞ்சல், பிறகு கைப்பேசி; அடி அதற்குப் பின்னால் வருகிறது. அந்த வரிசையைத்தான் இளம்பெண்கள் பார்க்க வேண்டும். பெற்றவர்களோ போனில் பொறுத்துப் போகச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்த இடம் தொடக்கம்தான்: மகள் தப்பி வந்த கதையை அம்மா ஊருக்குச் சொல்லும்போது, அவள் பாதம் வெடித்திருந்ததும் தலையில் பேன் இருந்ததுமே கதையாகிவிடுகின்றன. மகளின் துயரத்தை அம்மாக்கள் அவிழ்க்கிற விதம் நமக்குத் தெரியாததா? ஆனால் இந்த நாயகிக்குத் திரும்பிப் போகத் தகப்பன் வீடு இருந்தது, கையில் மொழி இருந்தது. மாதம் நாலில் வெளியே வந்துவிட்டாள். தோட்ட வேலைக்குப் போகிற பெண் இதைக் கேட்டுவிட்டு, "அவிங்க படிச்சவிங்க, நமக்கு ஆகுங்களா?" என்றாள். நியாயமான கேள்வி.

பதில் பேபி ஹால்தாரிடம் இருக்கிறது. பேபிக்கு நாலு வயதில், அம்மா அவள் கையில் பத்துப் பைசா வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். 12 வயதில் கல்யாணம், மாப்பிள்ளை 14 வயது மூத்தவன். அடுத்த வருடம் பிள்ளை. 25 வயதில் மூன்று பிள்ளைகளோடு ரயிலேறி டெல்லிக்குப் போய் வீட்டுவேலை செய்கிறாள். வேலைக்குச் சேர்ந்த ஒரு வீட்டில், இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன் பிரபோத் குமார், அலமாரியைத் தூசி தட்டும்போது அவள் புத்தகங்களைப் புரட்டுவதைக் கவனித்து நோட்டும் பேனாவும் கொடுக்கிறார். அதில் எழுதியதுதான் இந்தப் புத்தகம். அலங்காரமே கிடையாது. அடி விழுந்ததையும் சோறு பொங்கியதையும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போகிறாள். இலக்கியம் என்று பார்த்தால் மீனா பல படி மேலே. உள்ளே இருக்கிறவளுக்கு ஒன்றே ஒன்று கொடுக்க வேண்டுமென்றால் பேபியைத்தான் கொடுப்பேன்.

அமெரிக்கக் கவிஞர் மாயா ஏஞ்சலோவின் சுயசரிதை 'ஐ நோ வை தி கேஜ்டு பேர்ட் சிங்ஸ்' (1969) பதின்வயதுப் பிள்ளைகளை வளர்க்கிறவர்களுக்கு. அம்மாவின் காதலனால் சீரழிக்கப்பட்ட சிறுமி வருடக்கணக்கில் பேசாமலே இருக்கிறாள். அவளை யாரும் தோண்டிக் கேட்காமல், ஒரு அம்மாள் கவிதையை உரக்கப் படிக்க வைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருகிறாள்.

ஆசிரியர்கள் கேட்டால் பிங்கி விரானியின் 'பிட்டர் சாக்லேட்' (2000). தன் அனுபவத்தையும் சொல்லி, இந்தியக் குடும்பங்களுக்குள் குழந்தைகளுக்கு நடப்பதை எழுதிய புத்தகம். 2017-ல் பாலியல் கொடுமைக்கு ஆளான இரண்டு சிறுமிகள், அக்காவும் தங்கையும், இறந்து கிடந்த வாளையாருக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு இதை அலமாரியில் வைக்காமல் இருக்க முடியாது. சட்டம் பற்றிய பகுதி மட்டும் பழசு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது 2012-ல்தான். அதன் பிரிவு 19-படி ஒரு குழந்தைக்கு இப்படி நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிந்தும் மறைத்தால் தண்டனை உண்டு என்று உள்அட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.